பழைய ஃபிரிட்ஜுக்கு பெயின்ட் கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோள் உருண்டு, கனத்த கைப்பிடியோடு நிற்கும் பழைய ஃபிரிட்ஜுகளுக்குப் புதுச்சேரியில் நல்ல கிராக்கி இருக்கிறது. கோத்ரெஜ் நிறுவனம் 1958-ல் இந்தியாவில் ஃபிரிட்ஜ் செய்யத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பெட்டிகளும், பின்னால் வந்த கெல்வினேட்டர், ஆல்வின் பெட்டிகளும், பிரெஞ்சுக்காரர் வீடுகளில் இருந்த வெளிநாட்டுப் பெட்டிகளும் பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. வாங்கிய கையோடு பலர் ஓடுவது பெயின்ட் கடைக்கு. பளபளவென்று அடித்து முடித்த பிறகுதான் பிளக்கைச் சொருகிப் பார்க்கிறார்கள். உள்ளே ஒயர் இற்றுப் போயிருக்கும், கண்ணாடிப் பஞ்சு ஊறிக் கிடக்கும். அதைச் சரிசெய்யத் தகட்டைக் கழற்றினால் புது பெயின்ட் உரியும், பைப்பைச் சூடாக்கினால் பெயின்ட் கருகும். போட்ட காசும் உழைப்பும் வீண். இந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர்கள் என்ற முறையில் சரியான வரிசையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கதவு. காந்த ரப்பர் வருவதற்கு முந்தைய பெட்டிகளில் கைப்பிடியோடு இரும்புக் கொக்கி இருக்கும். வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்தால்தான் திறக்கும், உள்ளே இருந்து தள்ளினால் திறக்காது. கண்ணாமூச்சி விளையாட்டில் இப்படிப்பட்ட பெட்டிக்குள் ஒளிந்து மூச்சு முட்டிக் குழந்தைகள் இறந்ததால்தான், உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-ல் சட்டமே போட்டார்கள். எனவே பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே கதவைக் கழற்றித் தனியே சாத்தி வையுங்கள். வேலை மாதக்கணக்கில் இழுத்தாலும் அது தனியாகவே இருக்கட்டும். வேலை முடிந்த பிறகும் கொக்கியை எடுத்துவிடுங்கள். உள்பக்கம் காந்தப் பட்டை ஒட்டினால் கதவு நிற்கும், கைப்பிடி அழகுக்கு அப்படியே இருக்கும். இதில் மட்டும் யாருக்கும் விலக்குக் கிடையாது.

குட்டி யானையில் ஏற்றும்போது நிற்க வைத்தே கட்டுங்கள். படுக்கப் போட்டுக் கொண்டுவந்திருந்தால் ஓர் இரவு முழுக்க நேரே நிற்க வைத்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். கம்ப்ரஸர் ஆயில் பைப்புக்குள் ஏறியிருக்கும், அது இறங்க நேரம் தேவை.

அடுத்து பின்புறமோ கதவு ஓரத்திலோ இருக்கும் பெயர்த் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். புதுச்சேரிப் பெட்டிகளுக்கு இது மிக முக்கியம். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் சில 110, 115 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் சொருகினால் சில நொடிகளில் மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளான காயில் புகைந்துவிடும். அதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஓடும்போது 150 வாட்தான் இழுக்கும் என்றாலும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் 1,000 வி.ஏ.வுக்குக் குறையக் கூடாது. தகட்டில் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று மட்டும் போட்டிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. நம் கரண்ட் 50 சைக்கிள். 115 வோல்ட் மோட்டாருக்கு இங்கே 96 வோல்ட் அளவில் கொடுத்தால்தான் சூடேறாமல் ஓடும். வேகமும் ஆறில் ஒரு பங்கு குறையும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தக் காலத்து ரப்பர் ஒயரை வளைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கும், துணி சுற்றிய ஒயருக்குள் செம்பு பச்சை பூத்திருக்கும். பிளக்கிலிருந்து தெர்மோஸ்டாட், விளக்கு சுவிட்ச், ரிலே (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சுவிட்ச்) வரை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மெயின் ஒயர் மூன்று கோர், 1.5 சதுர மி.மீ. போதும். பல பழைய பெட்டிகள் இரண்டு பின் பிளக்கோடுதான் வரும். மூன்று பின் பிளக் போட்டு, எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் எதற்கும் உதவாது. வீட்டு போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் இந்த வேலையோடு அதையும் போட்டுவிடுவது நல்லது. கடலோர ஊரில் ஈரக்கையோடு தொடும் இரும்புப் பெட்டி இது.

கம்ப்ரஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ரிலேயைக் கழற்றினால் மூன்று பின் தெரியும். இரண்டிரண்டாக வைத்து ஓம் அளவு எடுங்கள். உதாரணமாக 12, 26, 38 என்று வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, சின்ன அளவு இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். 38 காட்டிய ஜோடியில் சேராத பின் காமன். காமனிலிருந்து 12 காட்டுவது ரன்னிங், 26 காட்டுவது ஸ்டார்ட்டிங். ஏதாவது ஒரு ஜோடி ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது என்று முடிவு கட்டும் முன், கம்ப்ரஸர் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சிலவற்றில், சூடு மீறினால் கரண்டை வெட்டும் ஓவர்லோடு உள்ளேயே இருக்கும், இரண்டு மணி நேரம் ஆறினால் திரும்பச் சேரும். பிறகு ஒவ்வொரு பின்னிலிருந்தும் பாடிக்குப் பாருங்கள். மல்டிமீட்டர் முழு ஷார்ட்டைத்தான் பிடிக்கும். அரைகுறைக் கசிவைப் பிடிக்க 500 வோல்ட் மெக்கர் (கசிவு அளக்கும் மீட்டர்) வேண்டும், 2 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அதை வீட்டில் ஓட்டக் கூடாது. முதல் தடவை ஒயர் வேலையைச் சோதிக்க 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரியஸ் போர்டில் (பல்பு வழியாகவே பெட்டிக்குக் கரண்ட் போகும் போர்டு) சொருகுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டிக்குச் சேதம் வராது. சீரியஸில் கம்ப்ரஸர் ஓடாது, ஓட்ட நேரடி லைன்தான் வேண்டும்.

நேரடி லைனில் ‘உம்’மென்று பத்துப் பதினைந்து நொடி முனகி, ‘டிக்’கென்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி முனகினால் கம்ப்ரஸர் போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம். பாதிக்கு மேல் ரிலேதான் காரணமாக இருக்கும். பழைய ரிலேயில் காயிலும் அதற்குள் ஏறி இறங்கும் இரும்புக் கட்டையும் இருக்கும். கம்ப்ரஸர் கிளம்பும்போது கட்டை மேலே ஏறி ஸ்டார்ட்டிங்குக்குக் கரண்ட் கொடுக்கும், கிளம்பியதும் தன் கனத்தில் கீழே விழுந்து விட்டுவிடும். விழுவது பூமியின் இழுப்பால் என்பதால் ரிலே நேராக நிற்க வேண்டும். துடைத்துவிட்டுத் தலைகீழாக மாட்டினால் பாயின்ட் ஒட்டியபடியே இருந்து ஸ்டார்ட்டிங் காயில் எரியும். நல்ல ரிலேயைக் காதருகே ஆட்டினால் கட்டை கடகடவென்று ஆடும் சத்தம் வரும், சத்தம் இல்லையென்றால் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாயின்ட் கருகியிருந்தால் ரிலேயை மாற்றுவதே சரி. கம்ப்ரஸர் 1/8 எச்.பி.யா 1/6 எச்.பி.யா என்று சொல்லி, அதற்குரிய ரிலேயும் ஓ.எல்.பி.யும் (ஓவர்லோடு) சேர்த்தே வாங்குங்கள். இரும்புக் கட்டை இல்லாமல், சூடேறிக் கரண்டை விடும் பி.டி.சி. ரிலே போட்டால் நின்றதும் உடனே கிளம்பாது, ஆற மூன்று முதல் ஐந்து நிமிடம் எடுக்கும். ஆகவே டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் அவசியம்.

கம்ப்ரஸர் ஓடியது என்றால் அரை மணி நேரம் கழித்துப் பின்கம்பியை (பெட்டியின் பின்னால் சூட்டை வெளியேற்றும் கம்பி வலை) தொடுங்கள். மேலே நல்ல சூடு, கீழே வர வர குறைந்த சூடு, ஃப்ரீசர் பெட்டி முழுக்க ஒரே சீராகப் பனி என்றால் கேஸ் சரியாக இருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியின் கேஸ் லைனை யார் சொன்னாலும் தொடாதீர்கள். ‘வயசாச்சு, ஒரு தடவை கேஸ் ஃபுல் பண்ணிடலாம்’ என்பது வெறும் பேச்சு. சீல் வைத்த லைனில் கேஸ் தேயாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பனி பைப் நுழையும் மூலையில் மட்டும் படிந்தால் கேஸ் குறைவு. கம்ப்ரஸருக்குத் திரும்பும் பைப் வரை பனி ஏறினால் கேஸ் அதிகம். நன்றாகக் குளிர்ந்து, திடீரென நின்று, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிப் போட்டால் மறுபடி குளிர்ந்தால் லைனில் ஈரம் புகுந்து கேப்பிலரி என்ற மெல்லிய குழாயின் வாயில் பனிக்கட்டியாக அடைக்கிறது என்று அர்த்தம். ஓட்டை உள்ள இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை பிசுபிசுக்கும். நம் ஊரில் முதலில் இற்றுப்போவது பின்கம்பியின் அடி வளைவும், ஃப்ரீசரின் அலுமினியம் செம்போடு சேரும் ஜாயின்டும்தான். உப்புக்காற்று அங்கே வேலையைக் காட்டுகிறது.

கேஸ் வேலை வீட்டு வேலை அல்ல. பழைய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-12 என்ற குளிர்விக்கும் கேஸ். மான்ட்ரியல் உடன்பாட்டின்படி 2010 தொடக்கத்தோடு ஃபிரிட்ஜுக்கான ஆர்-12 உற்பத்தி வளரும் நாடுகளிலும் நின்றுவிட்டது. ஓசோனைத் தின்பது போக, ஒரு கிலோ ஆர்-12 சுமார் 10,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் உள்ள நூறு கிராமைப் பைப்பை வெட்டி வெளியே விட்டால் ஒரு டன் கரியமில வாயுவை விட்ட கணக்கு. அதை ரிகவரி மெஷினில் சிலிண்டருக்குள் பிடிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

மாற்றுக் கேஸ் என்று வரும்போது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஆர்-134ஏ போடுகிறேன் என்றால், பழைய மினரல் ஆயிலோடு அது சேராது. லைனைக் கழுவி எஸ்டர் ஆயில் மாற்றுவீர்களா என்று கேளுங்கள். மாற்றாமல் போட்டால் ஆயில் கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் ஃப்ரீசரில் தங்கி, கம்ப்ரஸர் ஜாமாகும். ஹைட்ரோகார்பன் கலவை பழைய ஆயிலோடு சேரும், ஆர்-12 எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் போதும், கரண்டும் குறையும். ஆனால் அது தீப்பிடிக்கும் கேஸ். பெட்டிக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் கதவு விளக்கு சுவிட்சும் பொறி விடுபவை. அவற்றை வெளியே மாற்றாமலோ சீல் செய்தவை போடாமலோ அந்தக் கேஸை ஏற்ற விடாதீர்கள். ஏற்றிய பிறகு பின்புறம் ‘ஹைட்ரோகார்பன், இத்தனை கிராம், இந்தத் தேதி’ என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து வரும் மெக்கானிக் டார்ச்சைப் பற்ற வைக்கும் முன் அதைப் படிக்க வேண்டும். அடுப்பு சிலிண்டர் கேஸை ஏற்றுவதும் இங்கே நடக்கிறது. அதில் கலவை நிலையாக இருப்பதில்லை, ஈரமும் வாசனைச் சரக்கும் சேர்ந்திருக்கும். கேப்பிலரி அடைபடும், கசிந்தால் மூடிய பெட்டிக்குள் சேர்ந்து நிற்கும். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

லைன் திறந்தால், ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் புதிதாகத்தான் போட வேண்டும், கேப்பிலரி ஃபில்டருக்குள் 10 மி.மீ. போனால் போதும், வலையைத் தொட்டால் அடைத்துக்கொள்ளும். ஓட்டை பார்க்க உலர் நைட்ரஜன் மட்டுமே. வெல்டிங் ஆக்சிஜனை லைனுக்குள் விட்டால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். வேக்கம் இழுக்க, அதாவது லைனிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க, வேக்கம் பம்ப் வேண்டும், பழைய கம்ப்ரஸரால் இழுப்பது ஈரத்தை எடுக்காது. சார்ஜ் செய்வது தராசில் கிராம் கணக்கில், கைத்தொடுகையில் அல்ல.

கம்ப்ரஸரே இல்லாமல் அடியில் திரியோடு நிற்கும் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜ் கிடைத்தால் அதன் பைப்பை அறுக்கவே கூடாது. உள்ளே அமோனியாவும் ஹைட்ரஜனும் அழுத்தத்தில் இருக்கின்றன. திரி, புகைக்குழாய் சுத்தம் செய்யலாம், ரசமட்டம் வைத்துச் சமமாக நிறுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகள். கதவு ரப்பரைச் சோதிக்க, ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். சாண் இடைவெளியில் சுற்றிலும் இப்படிச் செய்து, வழுக்கி வரும் இடத்தில் சாக்பீஸ் அடையாளம் போடுங்கள். பழைய கதவில் ரப்பர், உள் தகட்டுக்கு அடியில் முப்பது நாற்பது ஸ்க்ரூக்களால் பிடிக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் கழற்றாதீர்கள், கழற்றினால் கதவு முறுக்கிக்கொள்ளும். பாதி தளர்த்தி ரப்பரை உருவி, புதியதைச் சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு மடிப்பை எடுத்து, நான்கு மூலையை முதலில் சொருகி, பிறகு நடுப்பகுதி. ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். காந்த ரப்பர் கனமாக இருப்பதால் பழைய கதவில் கீல் பக்கம் முட்டும். கீலுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்தால் சரியாகும்.

வெளித்தகடு வியர்க்கிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் முத்து முத்தாக நீர் கோத்தால் அங்கே உள்ளிருக்கும் கண்ணாடிப் பஞ்சு ஊறிப் போயிருக்கிறது. உள்தொட்டியையும் வெளித்தகட்டையும் சேர்க்கும் பிளாஸ்டிக் பட்டையை நெம்பும் முன் சுடுநீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள், இல்லாவிட்டால் உடைந்துவிடும், அதற்கு மாற்று கிடைப்பது அரிது. மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் பஞ்சைத் தொட வேண்டாம். ஊறிய பஞ்சை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்பார்கள். நாற்றமடித்தால் போடாதீர்கள், ராக்வூல் பலகையோ தெர்மோகோலோ அளவாக வெட்டி, இடுக்குகளை அலுமினியம் டேப்பால் அடையுங்கள். ஈரம் வெளிப்பக்கத்திலிருந்துதான் நுழைகிறது, எனவே வெளித்தகட்டின் மூட்டுகளை உள்பக்கமாகச் சீலன்ட் பூசி அடைப்பது அவசியம். டப்பாவில் வரும் ஸ்ப்ரே ஃபோமை மூடிய இடுக்கில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரத்தில்தான் அது இறுகும், உள்ளே பச்சையாகவே நிற்கும், அல்லது தகட்டைப் பிதுக்கும்.

இப்போதுதான் பெயின்ட். கடலூரிலும் புதுச்சேரியிலும் பெயின்ட் கொப்பளிப்பதற்குக் காரணம் பெயின்ட் அல்ல, அடியில் தங்கும் உப்பு. துருவைச் சுரண்டி 120 நம்பர் உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்த தகட்டிலும், துரு தின்ற குழிகளுக்குள் உப்பு இருக்கும். தேய்த்து முடித்ததும் நல்ல தண்ணீரைச் சூடாக்கி, பிரஷ் போட்டு இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவுவது உப்பைத் திரும்பப் பூசுவதுதான். துடைத்து உலர்த்தி ஓர் இரவு நிழலில் விட்டுப் பாருங்கள். விடிந்ததும் அதே குழிகளில் செம்புள்ளிகள் திரும்பி வந்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை. மறுபடி தேய்ப்பு, மறுபடி கழுவல். புள்ளி வராத நாளன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே தேய்ப்பதெல்லாம் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதாக இருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம். ஓட்டை விழுந்த அடித்தகட்டுக்குப் பட்டி பூசி மறைக்காதீர்கள், டிங்கரிங் கடையில் தகடு வைத்துப் பற்றவைத்து வாங்குங்கள். கம்ப்ரஸரின் கனம் அங்கேதான் உட்காருகிறது. எபாக்சி பிரைமர் இரண்டு கோட், பட்டி மெல்லிசாக, 220, 400 நம்பர் உப்புத்தாள், பிறகு பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் மூன்று மெல்லிய கோட். பங்குனி, சித்திரையில் காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கி, கடல்காற்று திரும்பும் முன் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும்.

உள்தொட்டி பீங்கான் பூச்சாக இருந்தால் பெயின்ட் அடிக்காதீர்கள், வாசனை பாலில் ஏறும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கழுவினால் போதும். பிளாஸ்டிக் தொட்டியில் தின்னர் பட்டால் விரிசல் விடும். ஃப்ரீசரில் பனியைக் கத்தியால் குத்துவது இத்தனை வேலையையும் ஒரே குத்தில் கெடுக்கும்.

முடித்ததும் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள், 3 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதோடு பிளக்கில் யூனிட் மீட்டர் சொருகி வையுங்கள். 150 வாட் இழுத்து நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட், ஆண்டுக்கு 657 யூனிட். புதுப் பெட்டியின் நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டு யூனிட் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுவிட்டு, பழையதை எப்போதும் ஓட்டுவதா, விசேஷ நாளில் மட்டும் ஓட்டுவதா என்று முடிவெடுங்கள். எங்கள் கருத்து இரண்டாவது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தபோதும் நனைந்த ஃபிரிட்ஜுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்ரஸர் சீல் செய்யப்பட்டது, தண்ணீர் உள்ளே போகாது. ரிலே, ஓ.எல்.பி., ஒயர், பஞ்சு இவைதான் கெடும். கரண்ட் கொடுக்காமல் அவற்றை மாற்றினால் பல பெட்டிகள் பிழைக்கும். எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம்.

இந்த இடத்தில்தான் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. பழைய இரும்புக் கடைக்கு ஃபிரிட்ஜ் போனதும் முதல் காரியமாகச் செம்புக்காகப் பைப்பை வெட்டுகிறார்கள், ஆர்-12 ஒரு நிமிடத்தில் காற்றில் போய்விடுகிறது. மின்னணுக் கழிவு விதிகள் ஃபிரிட்ஜுக்கும் பொருந்தும் என்பது கடைக்காரருக்கும் விற்பவருக்கும் தெரிவதில்லை. ஐ.டி.ஐ.களில் குளிர்பதனப் பயிற்சிப் பிரிவு இருக்கிறது, கேஸ் பிடிக்கும் மெஷினைக் கையாள அங்கே கற்றுக்கொடுக்க முடியும். புதுச்சேரியிலும் கடலூரிலும் தலா ஓர் ஐ.டி.ஐ.யில் மாதம் ஒரு நாள், யார் வேண்டுமானாலும் பழைய ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து கேஸைப் பிடித்துக்கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகலாம் என்று அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும். பிடித்துக்கொடுத்ததற்கு ஒரு சீட்டு தரட்டும். அந்தச் சீட்டு இல்லாத பெட்டியை இரும்புக் கடைகள் எடைக்கு வாங்கக் கூடாது என்று நகராட்சிகள் உத்தரவிடட்டும்.

இப்படிக்கு,
ஃபிரிட்ஜ் பழுது வேலை பார்க்கும் மூவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.